சிவப்பு எழுத்தும் ஒளித்த பாவமும்: வாசகர் கேள்வி பதில்

நாதனியல் ஹாதார்ன் (1804–1864) எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' பற்றியும் அதன் பின்னணியான பியூரிட்டன் சமூகம் (பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கண்டிப்பான புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள்) பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கம்: 1640களின் பாஸ்டன். கணவன் உடனில்லாத காலத்தில் ஹெஸ்டர் பிரின் ஒரு குழந்தை பெறுகிறாள். தகப்பன் பெயரைச் சொல்ல மறுக்கிறாள். மார்பில் 'ஏ' என்ற சிவப்பு எழுத்தை (விபசாரத்தைக் குறிக்கும் 'அடல்டரி' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து) ஆயுள் முழுக்கத் தரிக்க வேண்டும் என்பது தண்டனை. தகப்பன் ஊரே கொண்டாடும் இளம் போதகர் ஆர்தர் டிம்ஸ்டேல். தாமதமாக வந்துசேரும் கணவன், ராஜர் சில்லிங்வொர்த் என்ற பொய்ப்பெயரில் வைத்தியனாகப் போதகரோடு ஒட்டிக்கொள்கிறான். குழந்தையின் பெயர் பேர்ல்.

கே: இரண்டு முறை ஆரம்பித்தும் முதல் முப்பது நாற்பது பக்கங்களைத் தாண்ட முடியவில்லை. சுங்க அலுவலகம் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். விட்டுவிட்டுப் படிக்கலாமா? (மதுரை வாசகி)

ப: தாராளமாக. நீங்கள் மாட்டிக்கொண்டது நாவலில் இல்லை, அதற்கு முன்னால் வைத்த 'தி கஸ்டம் ஹவுஸ்' என்ற நீண்ட முன்னுரையில். ஹாதார்ன் 1846 முதல் 1849 வரை அமெரிக்காவின் சேலம் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தார். எதிர்த்தரப்பான விக் கட்சியின் ஜக்காரி டெய்லர் ஜனாதிபதியானதும் வேலை பறிபோயிற்று. அந்தக் கோபத்தில் பழைய சகாக்களை ஒரு பிடி பிடிக்கிறார். அதை ரசிக்க நாவலைப் படித்து முடித்திருக்க வேண்டும்.

இந்த வரிசையில் போங்கள். முதல் அத்தியாயத்தில் தொடங்குங்கள். அது இரண்டு பக்கம்தான். மொத்தம் 24 அத்தியாயங்கள். தண்டனை மேடை மூன்று முறை வருகிறது: 2, 3 அத்தியாயங்களில் பட்டப்பகலில் ஹெஸ்டர் குழந்தையோடு தனியாக, 12இல் நள்ளிரவில் மூவரும், சில்லிங்வொர்த் பார்த்துக்கொண்டிருக்க, 23இல் ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது மறுபடி மூவரும். இந்த மூன்று தூண்களின் மேல்தான் நாவல் நிற்கிறது. நடுவில் களைத்துப்போனால், அடுத்த மேடைக் காட்சி எப்போது என்று பார்த்துக்கொண்டு நடங்கள். 24ஐ முடித்தபின் முன்னுரைக்குத் திரும்புங்கள். பழைய காகிதக் கட்டில் ஒரு சிவப்புத் துணி எழுத்து கிடைத்ததாகவும், அதன் ஒவ்வொரு காலும் சரியாக மூன்றேகால் அங்குலம் என்றும் அளந்து சொல்வார். அந்தக் கண்டெடுப்பு கட்டுக்கதை. ஆனால் அந்த அளவை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலுக்குத் தேவைப்படும்.

இன்னொன்று. 1850 மார்ச்சில் அச்சிட்ட 2,500 பிரதிகளும் பத்து நாளில் விற்றுப்போயின. அன்றைக்கு அது பரபரப்பான புத்தகம். பாடப்புத்தகமாக நினைத்துத் திறந்தால் அந்த வேகம் கண்ணில் படாது.

கே: மார்பில் எழுத்தைத் தைக்கும் தண்டனை உண்மையில் இருந்ததா, கற்பனையா? (திருச்சி)

ப: இருந்தது. ஆனால் நாவல் சொல்லும் இடத்திலும் ஆண்டிலும் இல்லை.

பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் பே குடியேற்றத்தில் விபசாரத்துக்குச் சட்டப்படி மரண தண்டனை. 1641இல் தொகுத்த சட்டங்களிலும் அதுதான். ஏட்டளவில் நிற்கவும் இல்லை: 1644இல் பாஸ்டனில் மேரி லேத்தம் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவனும் தூக்கிலிடப்பட்டார்கள். ஆளுநர் ஜான் வின்த்ராப்பின் நாட்குறிப்பில் இது பதிவாகியிருக்கிறது. மேரி ஒரு கிழவருக்கு வாழ்க்கைப்பட்டவள் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஹெஸ்டர் மேடையில் நிற்பது 1642இல். கதைக்கும் இந்த நிஜத் தூக்குக்கும் இடைவெளி இரண்டே ஆண்டு.

எழுத்துத் தைக்கும் சட்டம் பிறகு வந்தது. பக்கத்திலிருந்த பிளைமவுத் குடியேற்றம் 1658இல் 'ஏ.டி.' என்ற இரண்டு எழுத்துகளைத் துணியில் வெட்டி, மேலாடையின் கையிலோ முதுகிலோ தைக்கச் சொன்னது. மாசசூசெட்ஸின் சட்டம் 1694இல் வந்தது. உடையின் நிறத்துக்கு மாறான நிறத்தில், இரண்டு அங்குல நீளத்தில் 'ஏ'. அதோடு கழுத்தில் கயிறு மாட்டித் தூக்குமேடையில் ஒரு மணி நேரம், நாற்பதுக்கு மிகாமல் சவுக்கடி.

ஹாதார்ன் இதில் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள். இரண்டு அங்குலத்தை மூன்றேகால் ஆக்கினார். கையிலும் முதுகிலும் இருந்ததை மார்புக்குக் கொண்டுவந்தார். வெறும் துணியைத் தங்க நூல் பூவேலைப்பாடு ஆக்கினார், அதையும் குற்றவாளியின் கையாலேயே. தூக்கை நீக்கிவிட்டு, 'நீதிபதிகள் மனமிரங்கி' மேடையில் மூன்று மணி நேரமும் ஆயுள் முழுக்க அடையாளமும் விதித்ததாக எழுதினார். புருஷன் கடலில் மூழ்கியிருக்கலாம், இவளோ இளம் பெண் என்பது அவர்கள் சொல்லும் சமாதானம். தூக்கு என்றால் மூன்றாம் அத்தியாயத்தோடு கதை முடிந்தது. ஆயுள் முழுக்க ஒரு அடையாளம் என்றால், அது என்ன பாடுபடுத்தும், எப்படி மாறும் என்று ஏழு ஆண்டு பார்க்கலாம். பதின்மூன்றாம் அத்தியாயம் வருவதற்குள் ஊர் ஜனமே அந்த எழுத்துக்கு 'ஏபிள்', அதாவது 'திறமைசாலி' என்று வேறு பொருள் சொல்லத் தொடங்கிவிடுகிறது. தண்டனை தன் பிடியை இழப்பது அப்படித்தான். குற்றத்தின் பெயரோ நாவலில் எங்குமே எழுதப்படவில்லை.

கே: டிம்ஸ்டேல் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? வெறும் கோழை என்று சொல்லிவிடலாமா? கடைசியில் ஒப்புக்கொள்வதை மனந்திரும்புதல் என்று ஏற்கலாமா? (பாளையங்கோட்டை, ஆங்கில இலக்கிய மாணவர்)

ப: இந்த நாவலைப் பற்றிக் கேட்கக்கூடிய மிக நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் இறையியல். பியூரிட்டன்கள் பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தக்காரர் ஜான் கால்வினைப் பின்பற்றியவர்கள். ஜென்ம பாவத்தால் மனிதர் அனைவரும் கெட்டவர்கள். யார் இரட்சிக்கப்படுவார்கள் என்பதைத் தேவன் உலகத்தோற்றத்துக்கு முன்பே முன்குறித்துவிட்டார். நற்செயலால் அதை வாங்க முடியாது. அப்படியானால் நான் தேவனால் தேர்ந்தெடுக்கப்பட்டவனா, இல்லையா? இதை அறிய ஒரே வழி, கிருபையின் அடையாளம் உள்ளே இருக்கிறதா என்று ஓயாமல் தன்னைத் தோண்டிப் பார்ப்பது. சபையின் முழு உறுப்பினராக வேண்டுமென்றால், தன் மனமாற்றம் எப்படி நடந்தது என்று சபை முன்னால் விவரிக்க வேண்டும். கத்தோலிக்கரிடம் உள்ள பாவசங்கீர்த்தனம் இவர்களிடம் கிடையாது. குருவானவரின் காதில் சொல்லிவிட்டு, மன்னிப்புப் பெற்று, வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. பாவத்தை ஊரறியச் சொல்ல வேண்டும், அல்லது உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது பதினொன்றாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். டிம்ஸ்டேல் தன் அலமாரியில் ஒரு சாட்டையைப் பூட்டி வைத்திருக்கிறார். முழங்கால் நடுங்கும்வரை உபவாசம் இருக்கிறார். இரவெல்லாம் விழித்திருக்கிறார். ஒரு புராட்டஸ்டண்ட் போதகர் ரோமச் சபையின் தவ முறையைத் திருட்டுத்தனமாகக் கைக்கொள்கிறார். அவருடைய சொந்த நம்பிக்கையின்படியே இதனால் ஒரு பைசா பயனில்லை. பதினேழாம் அத்தியாயத்தில், காட்டில், அவரே ஹெஸ்டரிடம் சொல்கிறார்: தண்டித்துக்கொண்டது போதுமான அளவு நடந்துவிட்டது, மனந்திரும்புதல்தான் கொஞ்சமும் நடக்கவில்லை என்று.

அதே பதினொன்றாம் அத்தியாயத்தில் இன்னும் கொடிய ஒரு விஷயம் இருக்கிறது. அவர் பிரசங்க மேடையில் நின்று, 'நான் பாவிகளிலெல்லாம் கேடுகெட்ட பாவி' என்று சொல்லத்தான் செய்கிறார். சபை என்ன நினைக்கிறது? இவ்வளவு பரிசுத்தமானவரே தன்னை இப்படி நினைத்தால் நம் கதி என்ன என்று இன்னும் பயபக்தியோடு பார்க்கிறது. அப்படித்தான் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். பொதுப்படையாகச் சொன்ன உண்மை அவர் விஷயத்தில் பொய்யாக வேலை செய்கிறது. இந்தச் சிறு பொறியமைப்பைப் புரிந்துகொண்டால் டிம்ஸ்டேலின் நோய் முழுவதும் புரிந்துவிடும்.

ஆகவே கோழை என்ற சொல் பொய்யில்லை, ஆனால் போதாது. தற்பெருமையும் அதில் கலந்திருக்கிறது. இருபதாம் அத்தியாயத்தில் தப்பிப்போகக் கப்பல் ஏற்பாடாகிறது. நான்காம் நாள் புறப்பாடு. 'நல்லதாகப் போயிற்று' என்கிறார் மனிதர். ஏனென்றால் மூன்றாம் நாள் தேர்தல் பிரசங்கம். புதிய ஆளுநர் பதவியேற்கும் நாளில் பேசக் கிடைப்பது ஒரு நியூ இங்கிலாந்து போதகரின் வாழ்நாள் கௌரவம். ஊரைவிட்டு ஓடப்போகிறவர், கடமை தவறாமல் போனார் என்ற பெயரோடு ஓட விரும்புகிறார். கதைசொல்லி இந்த இடத்தில் அவரை இரக்கத்தோடுதான் குத்துகிறார், ஆனால் ஆழமாகவே குத்துகிறார்.

கடைசி ஒப்புதல்? ஏற்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. பகலில், ஊர் முன்னால், பெண்ணும் குழந்தையும் அருகில் இருக்க நடந்தது என்பதால் முன்பு செய்யாததை அவர் செய்தார். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் 'நாளை மத்தியானம் எங்களோடு நிற்பீரா?' என்று பேர்ல் கேட்டபோது மறுத்தவர் அவர். ஆனால் தன்னைப் பற்றிப் பேசும்போது 'நான்' என்பதைவிட்டு 'அவன்' என்று படர்க்கைக்கு நழுவுகிறார். மேடையிலேயே இறந்தும் போகிறார். ஏழு ஆண்டு ஹெஸ்டர் பட்டதில் ஒரு நாள்கூட அவர் பங்குக்கு வரவில்லை. 'மறுமையிலாவது சேர்வோமா?' என்று அவள் கேட்க, அவர் தரும் பதிலில் அவளுக்கு ஆறுதல் இல்லை. பிரசங்கத்தின் உச்சியில் நின்றே போய்ச்சேர்ந்தார் என்று யாராவது எழுதினால் மறுக்க மாட்டோம்.

கே: அப்படியானால் நாவலில் பெரிய பாவி யார்? (கோவை)

ப: டிம்ஸ்டேலின் வாயிலேயே பதில் இருக்கிறது: கிழவன் சில்லிங்வொர்த்தின் பழிவாங்கல் என் பாவத்தைவிடக் கறுப்பு, ஒரு மனித இருதயத்தின் புனிதத்தை அவன் வேண்டுமென்றே, உணர்ச்சியில்லாமல் மீறினான். ஹாதார்னுக்கு இந்த எண்ணம் பழையது. 1850இல் வந்த 'ஈதன் பிராண்ட்' கதையில், மன்னிக்க முடியாத பாவத்தைத் தேடி உலகமெல்லாம் அலையும் சுண்ணாம்புக் காளவாய்க்காரன் கடைசியில் அதைத் தன் நெஞ்சிலேயே கண்டுபிடிக்கிறான்: பிறர் உள்ளத்தைச் சோதனைப் பொருளாக்கிய அறிவுச் செருக்கு. சில்லிங்வொர்த் அதே வகை. ஒன்பதாம் அத்தியாயத்தில் இருவரும் ஒரே வீட்டில் குடியேறும்போது போதகர் அறைச் சுவரில் தொங்கும் திரைச்சீலையைப் பாருங்கள்: தாவீது மன்னன், அவன் விபசாரம் செய்த பத்சேபாள், அதைக் கண்டித்த நாத்தான் தீர்க்கதரிசி. வேதாகமத்தில் 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் அந்த அறை வேறு மாதிரித் தெரியும்.

கே: பியூரிட்டன்களும் 'பில்கிரிம்' என்பவர்களும் ஒருவரா? எப்போதும் கறுப்பு உடை, சிரிப்பே கிடையாது என்பது உண்மையா? (யாழ்ப்பாணம்)

ப: இல்லை. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்து பிளைமவுத்தில் இறங்கியவர்கள் இங்கிலாந்துச் சபையைவிட்டு முழுக்கப் பிரிந்தவர்கள், அவர்கள்தான் பில்கிரிம்கள். 1630இல் வின்த்ராப் தலைமையில் பெரும் திரளாக வந்து பாஸ்டனை நிறுவியவர்கள் அந்தச் சபையை உள்ளிருந்தே சுத்திகரிக்க நினைத்தவர்கள். நாவல் இவர்களுடையது.

கறுப்பு உடை படக்காரர்கள் பரப்பியது. நல்ல கறுப்புச் சாயம் விலை அதிகம், விசேஷ நாளுக்கு உரியது. மற்ற நாளில் பழுப்பு, நீலம், செம்மண் நிறம் எல்லாம் உண்டு. பீர் குடித்தார்கள். கலியாணம் தேவாலயச் சடங்கு அல்ல, நீதிபதி முன் செய்யும் ஒப்பந்தம். விவாகரத்துக்கும் வழி இருந்தது. கிறிஸ்துமஸ் மட்டும் ஆகாது: 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். உடையில் ஆடம்பரத்தைத் தடுக்கும் சட்டமும் இருந்தது. 1651 சட்டப்படி 200 பவுண்டுக்குக் குறைவான சொத்துள்ளவர் தங்க, வெள்ளிச் சரிகை அணியக்கூடாது. அதாவது சரிகை பாவமல்ல, ஏழை சரிகை அணிவதுதான் பாவம். ஹெஸ்டரின் பிழைப்பு இந்த ஓட்டையில்தான் நடக்கிறது: ஆளுநரின் கழுத்துப்பட்டை, அதிகாரியின் கையுறை, செத்தவரின் துணி, குழந்தையின் குல்லாய் எல்லாவற்றிலும் அவள் ஊசி வேலை இருக்கும். மணப்பெண்ணின் முக்காட்டை மட்டும் அவளிடம் தைக்கக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்த வீட்டுக்காரரின் அந்தரங்கம் ஊர் விவகாரம் ஆனதற்கும் காரணம் உண்டு. ஊர் முழுவதும் சேர்ந்து தேவனோடு ஒரு உடன்படிக்கை செய்திருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒருவன் பாவத்தைக் கண்டும் விட்டுவைத்தால் பஞ்சமும் கொள்ளைநோயும் எல்லோர் தலையிலும் விழும். எனவே வேவு பார்ப்பதே அன்பான கடமை ஆகிவிடுகிறது. வெறும் வம்புக்காரர்கள் என்று அவர்களை ஒதுக்கினால் நாவலின் பாதிப் பயம் போய்விடும்.

கே: சேலத்தில் சூனியக்காரிகளை எரித்தார்களாமே? ஹாதார்ன் குடும்பத்துக்கு அதில் என்ன பங்கு? (நம் சேலத்து வாசகர்)

ப: உங்கள் ஊருக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவில்லை. அது வேதாகமத்தில் வரும் பெயர்.

யாரையும் எரிக்கவில்லை. 1692இல் 14 பெண்கள், 5 ஆண்கள் என 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வழக்குக்குப் பதில் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற முதியவர் நெஞ்சின் மேல் கல் ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். குறைந்தது ஐந்து பேர் சிறையில் மாண்டார்கள். இன்னாருடைய உருவம் என் கனவிலும் கண்முன்னும் வந்து கிள்ளியது என்ற ஆவிச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றதுதான் எல்லாம் தலைகீழானதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் முக்கியம். 'ஆம், நான் சூனியக்காரி' என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் உயிர் பிழைத்தார்கள். இல்லை என்று உண்மை சொன்னவர்கள் தூக்கில் தொங்கினார்கள். ஒப்புதலைப் புனிதமாக்கிய சமூகம் பொய் ஒப்புதலைத் தயாரிக்கும் இயந்திரமாக மாறியது அந்தக் கோடையில்தான்.

விசாரித்த நீதிபதிகளில் ஜான் ஹேதார்ன் ஒருவர், எழுத்தாளருடைய தாத்தாவின் தாத்தா. அவருடைய தகப்பன் வில்லியம், குவேக்கர்கள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினரைச் சவுக்கால் அடிக்க உத்தரவிட்டவர். இவர்களுடைய வெட்கத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று 'தி கஸ்டம் ஹவுஸ்' முன்னுரையிலேயே எழுதினார் ஹாதார்ன். இளவயதில் குடும்பப் பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்து எழுதத் தொடங்கியதற்கும் பலர் இதைக் காரணம் காட்டுவார்கள். அவரே அப்படிச் சொல்லவில்லை, எனவே விடையில் உறுதியாக எழுதாதீர்கள்.

டிம்ஸ்டேலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிஜ மனிதர் உண்டு. அதே சூனிய வழக்குகளின் நீதிபதி சாமுவேல் சீவல், 1697 ஜனவரியில் ஒரு உபவாச நாளில், பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நின்றார். அவருடைய குற்ற ஒப்புதலைப் போதகர் சபை முன் வாசித்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டு நீதிபதியாக வாழ்ந்தார். ஜான் ஹேதார்ன் அப்படி எதுவும் செய்யவில்லை.

கே: நாவலுக்கு முன் படிக்கச் சிறுகதைகள் சொல்லுங்கள். (சென்னை)

ப: இரண்டு போதும். முதலில் 'யங் குட்மேன் பிரவுன்' (1835). இளம் கணவன் ஒருவன் ஓர் இரவு காட்டுக்குப் போகிறான். ஊரின் பக்திமான்கள் அனைவரும் சாத்தானின் கூட்டத்தில் நிற்பதைக் காண்கிறான். நடந்ததா, கனவா என்று ஆசிரியர் சொல்ல மாட்டார். பெரும்பாலோர் அதைத் தீர்த்துவைக்க முயன்று மாட்டிக்கொள்கிறார்கள். கடைசிப் பத்தியை மட்டும் கூர்ந்து படியுங்கள்: கனவோ நிஜமோ, அதன்பின் அவன் எப்படி வாழ்கிறான் என்பதுதான் கதை. பிறர் பாவத்தைக் கண்டவன் தன்னுடையதைக் காணவே இல்லை. கூட்டத்தில் காட்டப்படும் க்ளாய்ஸ் அம்மாள், மார்த்தா கேரியர் போன்ற பெயர்கள் 1692இல் உண்மையில் குற்றம் சாட்டப்பட்டவர்களுடையவை.

அடுத்து 'தி மினிஸ்டர்ஸ் பிளாக் வெய்ல்' (1836). ஒரு போதகர் காரணம் சொல்லாமல் முகத்தில் கறுப்புத் துணி மூடிக்கொண்டு பிரசங்கத்துக்கு வருகிறார், சாகும்வரை எடுப்பதில்லை. ஒரே ஒரு துணியால் ஊர் எப்படி நடுங்குகிறது என்று பாருங்கள். ஹெஸ்டரின் எழுத்தும் டிம்ஸ்டேலின் மௌனமும் இந்தக் கதையில் ஒட்டியே இருக்கின்றன, பதினான்கு ஆண்டு கழித்து அவற்றை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார். இந்த இரண்டையும் ஒரு மாலையில் முடிக்கலாம். நாவலுக்குப் பிறகு வேண்டுமானால் 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்' (1851). தூக்குமேடையில் இட்ட சாபம் பரம்பரையைத் துரத்தும் கதை. அந்தச் சாபத்தின் வாசகம் 1692இல் சாரா குட் என்பவர் தூக்குமேடையில் நின்று ஒரு போதகரைப் பார்த்துச் சொன்னது: 'தேவன் உனக்குக் குடிக்க இரத்தம் கொடுப்பார்.'

கே: சேலம் சூனிய வழக்குகளை வைத்து ஆர்தர் மில்லர் எழுதிய 'தி குரூசிபிள்' நாடகத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா? (தேனி)

ப: வழக்கின் நடைமுறைக்கு ஓரளவு, மனிதர்களுக்குக் கூடாது. நாடகத்தை இயக்கும் காதல், தூக்கிலிடப்பட்ட ஜான் பிராக்டருக்கும் குற்றம் சாட்டிய அபிகெய்லுக்கும் இடையிலானது, மில்லர் கட்டியது. அசல் அபிகெய்ல் பதினோரு பன்னிரண்டு வயதுச் சிறுமி. அசல் பிராக்டர் அறுபதை ஒட்டியவர். 1953இல் மேடையேறிய இந்த நாடகம், அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த மெக்கார்த்தி காலத்தில் எழுதப்பட்டதால், 'வேறு யார் யார் பெயர்?' என்று கேட்கும் விசாரணைக்கே அதில் முழு வெளிச்சமும் போகிறது.

கே: முதுகலை ஆய்வேட்டுக்கு 'ஹாதார்ன் பியூரிட்டன் சமூகத்தைக் கண்டிக்கிறார்' என்று தலைப்பு வைத்திருக்கிறேன். எங்கே சறுக்கும்? (சிதம்பரம்)

ப: தலைப்பிலேயே சறுக்கிவிட்டது. கண்டிக்கிறார்தான், அதே மூச்சில் அவர்களுடைய தீவிரத்தை மதிக்கவும் செய்கிறார், தன் காலத்து மேலோட்டமான கேலியைவிட அது மேல் என்று கதைசொல்லியை இரண்டாம் அத்தியாயத்திலேயே பேசவைக்கிறார். பாவமே இல்லை என்ற கட்சியும் அவர் இல்லை. 1850இல் மெல்வில் இவரைப் பற்றி எழுதிய கட்டுரையில், இவரிடம் உள்ள இருட்டு கால்வினிய ஜென்ம பாவ உணர்விலிருந்து வருகிறது என்று பிடித்துச் சொன்னார். அடுத்த ஆண்டு 'மோபி டிக்' நாவலை ஹாதார்னுக்கே சமர்ப்பணமும் செய்தார். கேள்வியை இப்படித் திருப்புங்கள்: ஒரே பாவத்துக்கு வெளியே தெரிந்த தண்டனையும் உள்ளே ஒளித்த தண்டனையும் எப்படி வேறு வேறு மனிதரை உண்டாக்குகின்றன?

மூன்று காலங்களைத் தனித்தனியே குறித்து வையுங்கள்: கதை நடக்கும் 1642–49, சூனிய வழக்கின் 1692, எழுதிய 1850. மாணவர்கள் இவற்றை ஒன்றாகக் குழைப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஹாதார்னும் தேதியில் சலுகை எடுத்துக்கொள்வார். 1642 மேடைக் காட்சியில் பெல்லிங்ஹாமை ஆளுநராக உட்கார வைக்கிறார். அந்த ஆண்டு மே மாதமே அவர் பதவி முடிந்து வின்த்ராப் வந்துவிட்டார். வின்த்ராப் இறந்தது 1649 மார்ச்சில். நாவலில் அது மே மாத இரவு. நாவலில் பெல்லிங்ஹாமின் சகோதரியாக வரும் மிஸ்ட்ரஸ் ஹிப்பின்ஸ் நிஜமானவர், 1656இல் சூனியக் குற்றத்துக்குத் தூக்கிலிடப்பட்டவர். இதையெல்லாம் பிழைப் பட்டியலாக எழுதாதீர்கள், ஏன் நகர்த்தினார் என்று எழுதுங்கள். ஆளுநர் இறந்த இரவும் வானத்தில் எரிகல் 'ஏ' காட்டும் இரவும் ஒன்றாக வேண்டும். அப்போதுதான் ஊர் அதை 'ஏஞ்சல்' என்று வாசிக்கும், டிம்ஸ்டேல் தன் குற்றம் என்று வாசிப்பார்.

கடைசி அத்தியாயத்தில், மேடையில் போதகர் திறந்துகாட்டிய மார்பில் என்ன இருந்தது என்பதற்கு நான்கு விளக்கம் வரும்: தானே கிழித்துக்கொண்டார், வைத்தியனின் மருந்தும் மாயமும், மனச்சாட்சி உள்ளிருந்து அரித்து வெளிவந்தது, ஒன்றுமே இல்லை. ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதன்மேல் ஏட்டைக் கட்டினால் தேர்வாளர் மற்ற மூன்றையும் கேட்பார். 'சொன்னார்கள்', 'நம்பினார்கள்' என்று கதைசொல்லி நழுவும் இடங்களையெல்லாம் தனித்தாளில் எழுதி வையுங்கள். ஆய்வுக்கு வேண்டிய பாதிச் சரக்கு அதிலேயே இருக்கிறது.

கே: ஹெஸ்டர் பெண்ணியவாதியா? (ஈரோடு)

ப: பதின்மூன்றாம் அத்தியாயத்தில் அவள் நினைப்பதெல்லாம் அப்படித்தான்: சமூக அமைப்பு முழுவதையும் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டினால் தவிரப் பெண்ணுக்கு நியாயமான இடம் கிடைக்காது என்கிறாள். போதகர்களை எதிர்த்துப் பேசி 1638இல் சபையைவிட்டு நீக்கி வெளியேற்றப்பட்ட ஆன் ஹட்சின்சனின் பெயரை ஹாதார்ன் முதல் அத்தியாயத்திலேயே ரோஜாச் செடியோடு சேர்த்து வைத்திருக்கிறார். ஆனால் கடைசியில் ஹெஸ்டர் தானாகத் திரும்பி வந்து எழுத்தை மறுபடி அணிகிறாள், புதிய காலத்தை அறிவிக்கும் பெண் நான் அல்ல என்கிறாள். இதை ஆசிரியர் பயந்து பின்வாங்கியதாகவும் படிக்கலாம். எங்கள் கணிப்பு, அவர் ஹெஸ்டரைப் பற்றிப் பயந்தார் என்பதே. அவளைத் தன் கட்டுக்குள் வைக்க முடியாமல் போனதுதான் நாவலின் அதிர்ஷ்டம்.

கே: எந்தப் பதிப்பு வாங்கலாம்? படம் பார்த்தால் போதுமா? (புதுச்சேரி)

ப: 1995 ஹாலிவுட் படத்தை நம்பித் தேர்வு எழுதாதீர்கள், அதில் போதகர் சாகவில்லை, காதலர்கள் சேர்ந்து வண்டியேறிப் போகிறார்கள். நாவலுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். வாங்குவதானால் நார்ட்டன் விமர்சனப் பதிப்பு: அடிக்குறிப்பும் பின்னணி ஆவணங்களும் உண்டு. சுருக்கப் பதிப்பு எடுத்தால் முதலில் கடைசி அத்தியாயத்தைப் புரட்டுங்கள். அந்த நான்கு விளக்கங்களையும் நீக்கி ஒன்றாக்கியிருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.